சட்டித்தலையனுக்குப் பெண் கொடுக்காத ஊர்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். சோம்பேறித்தனம் ஒரு காரணம். இன்னொன்று, இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது, துஷ்டி வீட்டில் பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, தோணித்துறையில் சரக்கு வராமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, எவனாவது ஒருத்தன் ஆரம்பிப்பான்: "ஏலே முத்துராசு, அந்தச் சட்டித்தலையன் கதையச் சொல்லு." நான் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள் என்றும் தெரியும். எழுதி வைத்துவிட்டால், இனிமேல் கேட்கிறவன் கையில் தாளைத் திணித்துவிட்டு நான் பாட்டுக்குப் படுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு ஆசையில்தான் எழுதுகிறேன்.

(தேர்டு பாரத்தில், அதாவது எட்டாம் வகுப்பில், இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப்பிழை இருந்தால் அது என் வாத்தியாரைச் சேரும். அவருக்கு என்னால் கிடைத்த கெட்ட பேரில் இதுவும் ஒன்று.)

உலகச் சண்டை முடிந்து தூத்துக்குடிக்குக் கப்பல்கள் மறுபடி ஒழுங்காக வரத் தொடங்கிய சமயம். எனக்கு இருபத்திரண்டு வயது. நம்மூரில் கப்பல் கரைக்கு வராது, கடலில் தூரமாக நிற்கும். தோணிதான் சரக்கைக் கொண்டுபோகும். தோணியில் ஏறுகிற பெட்டிகளின் மேல் எழுதியிருக்கும் இங்கிலீஷை வாசித்து, இது கொழும்புக்கு, இது பம்பாய்க்கு என்று பிரித்துவிடுவது என் வேலை. 'கீப் டிரை' என்றால் நனைக்காதே. 'திஸ் சைடு அப்' என்றால் இந்தப் பக்கம் மேலே. என் இங்கிலீஷ் மொத்தமும் அந்தப் பெட்டிகளுக்குள் அடங்கிவிடும். ஆனால் வாசிக்கும்போது மூக்கால் ஒரு இழுப்பு இழுத்து வாசிப்பேன். கேட்கிறவன் நான் கலெக்டர் வீட்டில் வளர்ந்தவன் என்று நினைத்துக்கொள்வான். நினைத்தால் நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். முதல் தப்பு அதுதான்.

என் கூட்டாளி மிக்கேல், புன்னைக்காயல்காரன். அவன் அப்பா, பாட்டன், அண்ணன், தம்பி எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் ஒருத்தனுக்குத்தான் படகில் ஏறினால் தலை சுற்றும். அதனால் சினிமாவில் சேர்ந்துவிட்டான். கடற்கரைச் சாலைக்குப் பின்னால் முன்பு பஞ்சு மூட்டை அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து ஒரு முதலாளி படம் காட்டிக்கொண்டிருந்தார். அங்கே மிக்கேல் ஆப்பரேட்டர். ஜன்னலையெல்லாம் சாக்கு வைத்து அடைத்துவிட்டால் பட்டப்பகலிலும் கிட்டங்கி இருட்டாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூசைக்குப் போய் வந்தவர்கள், மில்லில் லீவு கிடைத்தவர்கள், தோணிக்காரர்கள், சங்கு குளிக்கிறவர்கள் என்று கூட்டம் நெரியும். மிஷினிலிருந்து வெளிச்சம் பாயும்போது பழைய பஞ்சுத் தூசு அதில் மிதக்கும். படத்தில் வெயிலடித்தாலும் நம்மூர்க் கிட்டங்கியில் பனி பெய்யும்.

ஒரு நாள் முதலாளி ஒரு இங்கிலீஷ் தொடர் படத்தை வரவழைத்தார். பன்னிரண்டு பாகம். ஞாயிறுதோறும் இரண்டு பாகம், ஆக ஆறு ஞாயிறு. படம் பேசும், ஆனால் அது பேசுவது இங்கே ஒருத்தருக்கும் புரியாது. திரைக்குப் பக்கத்தில் நின்று தகரக் குழலில் கதையைத் தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். முன்பு சொல்லிக்கொண்டிருந்தவர் கொழும்புக்குப் போய்விட்டார். மிக்கேல் என்னைக் கைகாட்டினான்.

முதலாளி சுவரொட்டியை விரித்து, "வாசிலே" என்றார்.

அதில் பெட்டியில் வருகிற வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் நடுவில் ஒரு ஆள் தலையில் ஒரு இரும்புச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு, கண்ணுக்கு நேரே இரண்டு ஓட்டையோடு, இடுப்பில் கை வைத்து நின்றான். மூக்கால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "இரும்புத் தலையன், அண்ணாச்சி" என்றேன். முதலாளி அசந்துபோனார். வேலை கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் சொர்ணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். (எனக்கு அலுப்பு தட்டுகிற இடம் இதுதான். கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருகிற இடமும் இதுதான்.)

சொர்ணம் எங்கள் தெரு. கருப்பட்டிக் கடை அண்ணாச்சியின் ஒரே மகள். கூடப்பிறந்தவர் யாரும் கிடையாது. சின்ன வயதிலிருந்து எனக்கு அவள் 'நீ', அவளுக்கு நான் 'நீ'. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வருவாள். நானும் எங்கள் வீட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவேன். (ஆம்பளைப் பிள்ளை குடம் தூக்குகிறானே என்று தெருவே சிரித்தது. என் அம்மா மட்டும் காரணம் தெரியாமல் பெருமைப்பட்டாள்.) அவளைக் கேலி பண்ணுவேன், குடத்தில் கல்லைப் போடுவேன், அவள் நடையைப் போல நடந்து காட்டுவேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னதில்லை.

என் அம்மா ஒரு நாள் அண்ணாச்சியிடம் போய்ப் பேசினாள். அவர் சொன்ன பதில் நியாயமான பதில். "முத்துராசு நல்ல பயதான், வாயைத் தவிர. ஆனா பிள்ளைக்குத் தாய்மாமன் இருக்கான். அவனுக்குத்தான் மொத உரிமை. அவன் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், உங்க வீட்டுக்கே குடுக்கேன். தை மாசம் வரைக்கும் பாப்போம்."

தாய்மாமன் பேர் ராமலிங்கம். முப்பது வயது. தோணிகளுக்குக் கயிறும் பாயும் விற்கிற கடை வைத்திருந்தார். ஊரிலேயே குறைவாகப் பேசுகிறவர் அவர்தான். எதையும் சொல்வதற்கு முன்னால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு உதறு உதறி மறுபடி தோளில் போடுவார். பிறகு மூன்று வார்த்தை. பிறகு "அவ்வளவுதான் விசயம்." வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கயிற்றை அளக்கிற மாதிரி நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆக, அந்த மனுஷர் வாயிலிருந்து 'வேண்டாம்' என்ற ஒரு வார்த்தை வர வேண்டும். என் கல்யாணம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு ஞாயிறும் இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான்தான் மறந்துவிட்டேன்.

முதல் ஞாயிறு. இரும்புத் தலையன் திரைக்கு வந்த நிமிஷமே ஜனங்கள் அவனுக்குச் சட்டித்தலையன் என்று பேர் வைத்துவிட்டார்கள். அவன் கூரைக்குக் கூரை தாவினான். துப்பாக்கிக் குண்டு நெஞ்சில் பட்டுத் தெறித்தது. வில்லன் கோட்டுப் போட்டு, மெல்லிசாக மீசை வைத்து, கார் ஓட்டிக்கொண்டு வந்தான். கதாநாயகிக்கு வெள்ளை முடி. "பாவம், இந்த வயசுலயே நரைச்சிட்டு" என்று பெண்கள் பக்கம் உச்சுக்கொட்டியது. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் வில்லன் அவளைத் தூக்கிக்கொண்டு போவான். சட்டித்தலையன் மீட்டுக்கொண்டு வருவான். ஏன் தூக்குகிறான் என்று படத்தில் விளக்கமாகத்தான் பேசினார்கள். எனக்கு ஒரு எழுத்து விளங்கவில்லை. "பாருங்கள், தூக்குகிறான். பாருங்கள், ஓடுகிறான்" என்று கண்ணால் தெரிவதையே குழலில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இட்லிக் கடை இசக்கியம்மாக்கா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏ தம்பி, அதுதான் எங்க கண்ணுக்கே தெரியுதே. அந்தாளு எதுக்குய்யா அந்தப் பிள்ளையத் தூக்கிட்டுப் போறான்? கேக்க நாதியில்லையா?"

கிட்டங்கி முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. முதலாளியும் பார்த்தார். எனக்கு அந்த வாரமெல்லாம் மனசில் ஒரே ஒரு உறவுதான் உறுத்திக்கொண்டிருந்தது. அது வாயில் வந்துவிட்டது.

"அவரு அந்தப் பொண்ணுக்குத் தாய்மாமன்."

பெண்கள் பக்கமிருந்து "ஓ" என்று ஒரு பெருமூச்சு.

"அதை மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்றாள் இசக்கியம்மாக்கா. "உரிமைக்காரன் தூக்கிட்டுப் போறான். சரி, அந்தச் சட்டி யாரு?"

"அது யாருக்கும் தெரியாது."

"என்ன ஊரு?"

"தெரியாது."

"தாய் தகப்பன்?"

"படத்துல காட்டல."

"நல்லாருக்கே. ஊரு பேரு தெரியாதவன், மொகத்தைக் காட்டாதவன், அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

அத்தோடு முடிந்தது சட்டித்தலையன் கதை. அடுத்த தடவை அவன் கூரையைப் பிய்த்துக்கொண்டு குதித்துக் கதாநாயகியை மீட்டபோது விசில் வரவில்லை. வேலி தாண்டி வந்த மாட்டை விரட்டுகிற மாதிரி எல்லாரும் விரட்டினார்கள்.

இரண்டாம் ஞாயிறு ராமலிங்கம் வந்தார். தாய்மாமன் படம் என்று ஊரில் பேச்சாகிவிட்டதால், அக்காவையும் சொர்ணத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர்கள் இருவரும் பெண்கள் பக்கம் போனார்கள். இவர் ஆண்கள் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பக்கத்துக்கும் நடுவே கட்டியிருந்த கயிறு அவர் கடைக் கயிறுதான்.

எனக்கு அப்போதுதான் அந்தப் புத்தி தோன்றியது. இருபத்திரண்டு வயதில் புத்தி என்று தோன்றுவதையெல்லாம் ஒரு நாள் கழித்துச் செய்தால் பாதி ஊர் உருப்படும். இந்த ஆளைக் கேலிப்பொருளாக்கினால் என்ன? ஊர் சிரிக்கும், சொர்ணம் சிரிப்பாள், மனுஷர் கூச்சப்பட்டுப் போய் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவார். படத்தில் வில்லன் கோட்டுப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து உதறினான். தெய்வமே கண் திறந்தது என்று நினைத்தேன்.

"மாமா துண்டை உதறுதாவ," என்றேன் குழலில். "ஒரு தடவ. ரெண்டு தடவ." பிறகு ராமலிங்கத்தின் குரலை அப்படியே எடுத்து, "பொண்ணு எனக்குத்தான். அவ்வளவுதான் விசயம்."

கிட்டங்கி இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அத்தனை தலையும் நாற்காலிப் பக்கம் திரும்பியது. ராமலிங்கம் அசையவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை மட்டும் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நடந்தது வேறு. வில்லனுக்கு ஒரு குரல் கிடைத்துவிட்டதால் எனக்குச் சொல்ல வார்த்தை வந்துகொண்டே இருந்தது. சட்டித்தலையனுக்கு என்ன சொல்வது? அவனுக்கு முகமும் இல்லை, உதடும் தெரியவில்லை. அவன் பேசுகிற இடத்திலெல்லாம் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வில்லனிடம் ஓடிவிடுவேன். மூன்றாம் ஞாயிறு, வில்லன் கதாநாயகியை மரம் அறுக்கும் மிஷினில் கட்டிவைத்திருந்தான். ரம்பம் சுற்றிக்கொண்டு வந்தது. நான் குழலைத் தூக்கினேன்.

"ஏ பிள்ள, உனக்குப் பல்லு மொளைக்கையில மொத மொதல்ல கடிச்சது என் வெரலை. நீ நடை பழகினது என் வேட்டி நுனியப் புடிச்சி. இன்னைக்கி எவனோ ஒரு சட்டி வந்து கூப்பிட்டான்னா, உடனே கூரை மேல ஏறிருவியா? கட்டிப்போடாம என்ன செய்ய? அவ்வளவுதான் விசயம்."

இசக்கியம்மாக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ரம்பம் கதாநாயகியின் கழுத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

மிக்கேலின் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் கட்டிப்பிடிக்கிற இடம் வந்தால், பெண்கள் பக்கத்துக்கு மரியாதையாக, லென்சுக்கு முன்னால் அவன் உள்ளங்கையை நீட்டி மறைத்துவிடுவான். திரையில் ஐந்து விரலும் தென்னை மரம் அளவுக்கு விழும். வேறு எந்தப் படமாக இருந்தாலும் ஆண்கள் பக்கமிருந்து, "எலே மிக்கேலு, கைய எடுலே" என்று கூச்சல் வரும். இந்தப் படத்தில் நாலாவது ஞாயிறு, சட்டித்தலையன் கதாநாயகியின் தோளில் கை வைத்தவுடனேயே அதே ஆண்கள் பக்கம், "எலே மிக்கேலு, கைய வையிலே. அவனுக்கு என்ன உரிமை இருக்கு?" என்றது. மிக்கேல் பயந்துபோய்த் தேவையில்லாத இடத்திலெல்லாம் கையை வைத்தான். அந்த ஞாயிறு பாதிப் படம் விரல்தான்.

சங்கு குளிக்கிற சூசை என்று ஒரு பெரியவர், முத்துக் குளித்த காலத்தையும் பார்த்தவர். அவர் சட்டித்தலையனை வேறு விதத்தில் வெறுத்தார். நாலாம் ஞாயிறு முடிவில் சட்டித்தலையன் ஆற்றுக்குள் முங்கினான். ஐந்தாம் ஞாயிறு ஆரம்பத்தில் எழும்பினான்.

"போன ஞாயித்துக்கிழம முங்கினவன் இந்த ஞாயித்துக்கிழம எழும்புதான்," என்றார் சூசை. "நாங்கள்லாம் மூச்சுப் புடிச்சிப் பொழைச்சவங்க. இவன் பொய்க்காரப்பய."

ஊரில் ராமலிங்கத்தின் நிலைமை தலைகீழாகிவிட்டது. கயிறு தேவைப்படாதவன்கூடக் கடை முன்னால் நின்று, "மாமா, சுகந்தானா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவரைக் கேலிப்பொருளாக்கப் போன நான், ஆறு வாரம் முடிவதற்குள் அவரை ஊருக்கே மாமாவாக்கிவிட்டேன். இதெல்லாம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. குழலைப் பிடித்தவனுக்குக் கைதட்டல் மட்டும்தான் கேட்கும்.

ஐந்தாம் ஞாயிறு நான் செய்ததுதான் பெரிய தப்பு. வில்லன் காரை நிறுத்திவிட்டுக் கதாநாயகியிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்கிற காட்சி. (தங்கப் புதையலின் சாவி எங்கே என்று கேட்டிருப்பான் என்று நினைக்கிறேன்.) சொர்ணம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தாள். திரை வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்து விழுந்து மறைந்தது. எனக்கு வாய் தன்னால் பேசியது.

"குடத்தை இடுப்புல வச்சிக்கிட்டு நீ திரும்புறதை நான் பாத்துக்கிட்டே நிப்பேன். குழாயில தண்ணி நல்லா வார அன்னைக்கி, கொடம் நெறைஞ்சதும் போயிருவ. தண்ணி வராத அன்னைக்கிதான் நின்னு ரெண்டு வார்த்த பேசுவ. ஊரெல்லாம் தண்ணி வரணும்னு சாமி கும்பிடுது. நான் ஒருத்தன் மட்டும் வரக்கூடாதுன்னு கும்பிடுதேன்."

கோட்டும் மீசையுமாகக் காரில் சாய்ந்து நிற்கிற ஒருத்தன் குழாயடியைப் பற்றிப் பேசுகிறானே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கிட்டங்கியே உருகிப்போய் உட்கார்ந்திருந்தது. அதை நான் யார் குரலில் சொன்னேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. பழக்கம். கடைசியில் "அவ்வளவுதான் விசயம்" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

படம் முடிந்ததும் முதலாளி ஓடிவந்தார். "அடுத்த வாரம் கடைசி. எதையாவது சொல்லிக் கூட்டத்தைக் கூட்டுலே." கடைசிப் பாகங்கள் எப்படி முடியும் என்று எங்களுக்குத் தெரியாது. படப்பெட்டி சனிக்கிழமை ரயிலில் வரும். மிஷின் விளக்குக்குக் கார்பன் குச்சி கிடைக்காத காலம் என்பதால் முன்கூட்டி ஓட்டிப் பார்க்க முதலாளி விடமாட்டார். நான் குழலைத் தூக்கி, "அடுத்த ஞாயிறு கல்யாணம்" என்றேன்.

அடுத்த ஞாயிறு பெண்கள் சீர்த்தட்டோடு வந்துவிட்டார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூச்சரம். பதினோரு தட்டு. முன்னால் இசக்கியம்மாக்கா. படத்தில் தாலி கட்டும் நேரத்தில் திரைக்குப் பூப்போடுவதாக வேண்டுதலாம். சூசை வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். மில்லுக்காரர்கள் குலவை விடப் பெண்களைத் தூண்டிக்கொண்டிருந்தார்கள். ராமலிங்கம் வழக்கமான நாற்காலியில். சொர்ணம் வழக்கமான வரிசையில்.

பதினொன்றாம் பாகம் நல்லபடியாகப் போயிற்று. பன்னிரண்டாம் பாகத்தில், மலை உச்சியில், சட்டித்தலையனும் வில்லனும் கட்டிப் புரண்டார்கள். "மாமா, விடாதீய" என்று கிட்டங்கி கத்தியது. வில்லனின் கால் வழுக்கியது. அவன் அருவிக்கு மேலிருந்து தலைகுப்புற விழுந்தான். கீழே நுரை. அவ்வளவுதான்.

நான் குழலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். வார்த்தை வரவில்லை. பிறகு வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

"மாமா சாகல. நீந்தி அந்தப் பக்கம் கரையேறிட்டாவ."

சூசை எழுந்து நின்றார். "ஏலே, யார்ட்ட கதை விடுத? அந்தச் சுழியில விழுந்தா எவனும் எழும்ப மாட்டான்."

அதே நேரத்தில் படத்தில் சட்டித்தலையன் முதல் தடவையாகச் சட்டியைக் கழற்றினான். உள்ளே ஒரு சாதாரண மூஞ்சி. "இந்த மூஞ்சிய மறைக்கத்தான் ஆறு வாரம் சட்டி போட்டுக்கிட்டு அலைஞ்சானா?" என்றது ஒரு குரல். அவன் கதாநாயகியை இழுத்து, வாயோடு வாய் வைத்தான். மிக்கேல் அதிர்ச்சியில் கையை வைக்க மறந்துவிட்டான். முத்தம் முழுசாக, விரல் இல்லாமல், பதினோரு சீர்த்தட்டுக்கு முன்னால் திரையை நிறைத்துக்கொண்டு நின்றது.

முதல் தேங்காய் திரையைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று. இரண்டாவது என் தகரக் குழலில் பட்டு, குழல் சப்பையாகிவிட்டது. பிறகு வாழைப்பழம். கூட்டம் என் பக்கம் வந்தது. "தாய்மாமனக் கொன்னுட்டு அந்நியனுக்குப் பொண்ணு குடுக்கியோலே?" என்று ஒரு மில்லுக்காரன் என் சட்டையைப் பிடித்தான். அந்த நேரத்திலும் எனக்குள்ளே ஒரு சிரிப்பு வந்தது. அந்நியனுக்குப் பொண்ணு குடுக்கணும் என்றுதானே நானும் ஆறு வாரமாகச் சாமி கும்பிடுகிறேன்.

அடி விழுவதற்கு முன்னால் ராமலிங்கம் நாற்காலி மேல் ஏறி நின்றார். மிக்கேல் பதற்றத்தில் மிஷினை நிறுத்தவில்லை. படச்சுருள் ஓடி முடிந்து, வெறும் வெளிச்சம் மட்டும் பாய்ந்துகொண்டிருந்தது. பாதி அவர் மேல் விழுந்தது. மடியில் இருந்து எடுத்த துண்டை ஒரு தடவை உதறினார். இரண்டு தடவை உதறினார். கூச்சல் அப்படியே அடங்கிவிட்டது.

"இது கதை," என்றார். "மாமா இங்கதான் நிக்கேன். அந்தப் பயல விடுங்க. வீட்டுக்குப் போங்க."

எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு சொன்னார்.

"அவ்வளவுதான் விசயம்."

கிட்டங்கி அதிர்ந்தது. ஆறு வாரம் தொண்டை கிழியக் கத்தி நான் வாங்காத கைதட்டல். இசக்கியம்மாக்கா குலவை விட்டாள். பெண்கள் மிச்சமிருந்த சீர்த்தட்டையெல்லாம் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

நான் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். சொர்ணம் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்துக் குழாயடியில் அவளைப் பிடித்தேன். தண்ணீர் வராத நாள். குடங்கள் வரிசையில் இருந்தன, வேறு ஆள் யாரும் இல்லை.

"கொழாயப் பத்திச் சொன்னது மாமா இல்ல," என்றேன். "மாமாவுக்கு இந்தத் தெருவுல கொழாய் இருக்கதே தெரியாது. அது நான்."

"தெரியும்," என்றாள்.

"தெரியுமா?"

"அங்கன ஒக்காந்திருக்கும்போதே தெரியும்." காலியாக இருந்த குடத்தை நிமிர்த்தி வைத்தாள். "இங்கனதான தெனமும் நின்னோம். அதை இங்கனயே சொல்லிருக்கலாம்லா?"

நான் வழக்கம்போல ஏதாவது கேலி தேடினேன்.

"ஊருக்கே சொன்ன. எனக்கு மட்டும் சொல்லல. அதையும் இன்னொருத்தர் கொரல்ல சொன்ன." குடத்தைக் குழாய்க்கு நேரே நகர்த்தினாள். "மாமா நாலு வார்த்ததான் பேசினாவ. ஆனா அவிய மொகத்தோட எந்திச்சி நின்னு பேசினாவ. உன்ன அடிக்க வந்தவங்களத் தடுத்தாவ. அஞ்சு வாரமா உன் கேலிய வாங்கிக்கிட்டு ஒக்காந்திருந்த மனுசன்."

குழாயில் காற்றுச் சத்தம் கேட்டது. தண்ணீர் வந்துவிட்டது. அவள் குடம் நிறைந்ததும் போய்விட்டாள்.

தை மாசம் கல்யாணம். ராமலிங்கம் 'வேண்டும்' என்று சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, சொர்ணமே சொல்லிவிட்டாளாம். பந்தியில் நான் சாம்பார் வாளி தூக்கினேன். ஒரு ஆளாவது என்னை உட்காரச் சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பேன். எல்லாரும், "முத்துராசு, மாமா கொரல்ல ஒரு வசனம் சொல்லுலே" என்றுதான் கேட்டார்கள். வாளியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் ஊர் பேர் தெரியாத மாப்பிள்ளை யாருக்காவது வந்தால், "மொதல்ல சட்டியக் கழத்தச் சொல்லு" என்பார்கள். நான் எதையாவது சொல்லாமல் மென்று விழுங்கினால் என் அம்மாகூட, "ஏன் சட்டிய மாட்டிக்கிட்டு நிக்க?" என்கிறாள்.

இதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். போன மாசம் ராமலிங்கம் என்னைத் தேடித் தோணித்துறைக்கு வந்தார். நான் ஒரு பெட்டியைத் 'திஸ் சைடு அப்' பார்த்து நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அவர் துண்டை எடுத்து இரண்டு உதறு உதறினார்.

"பிள்ளைக்குக் காது குத்து. திருச்செந்தூர்ல. தாய்மாமன் மடியிலதான் வைக்கணும். சொர்ணத்துக்குக் கூடப்பெறந்தவன் கெடையாது." துண்டை மறுபடி தோளில் போட்டார். "நீதான் ஒக்காரணும். அவதான் கேக்கச் சொன்னா. அவ்வளவுதான் விசயம்."

தாய்மாமனுக்கு என்னென்ன உரிமை உண்டு என்று ஆறு ஞாயிறு தகரக் குழலில் ஊருக்கே எடுத்துச் சொன்னவன் நான். இப்போது எப்படி மாட்டேன் என்பது?

போனேன். கோயில் வாசலில் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். காதில் ஊசி குத்தியதும் அது வீறிட்டு, என் ஆள்காட்டி விரலைப் பிடித்து வாயில் வைத்து ஒரு கடி கடித்தது. அப்போதுதான் பல் முளைத்திருந்தது. எனக்கு அந்த மூன்றாம் ஞாயிறு வசனம் ஞாபகம் வந்தது. சொர்ணத்துக்கும் வந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். ராமலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை எடுத்தார், உதறவில்லை, என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார்.

இவ்வளவுதான். எழுதி முடித்து, முதல் ஆளாக மிக்கேலிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிட்டங்கியில் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, விரலால் வரி பிடித்து, ஒவ்வொரு தாளாகப் பொறுமையாக வாசித்தான். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான். கடைசித் தாளை மடித்துக் கையில் கொடுத்தான். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இதுலயும் நல்ல வசனத்தையெல்லாம் மாமாவுக்கே குடுத்துட்டியேலே."